நார்த் பிளாக், சவுத் பிளாக்: கும்மட்டத்தை விட்டுவிட்டு முற்றத்தைப் பார்ப்போம்

குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்க் கட்டடக்கலை படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டெல்லியில் நார்த் பிளாக், சவுத் பிளாக் என்று ஒரே சாயலில் இரண்டு செயலகங்கள் எதற்கு? உள்ளே அறைகளும் நடைகளும் எப்படி அமைந்திருக்கின்றன? பத்மநாபபுரம் அரண்மனையையும் திருவனந்தபுரம் செயலகத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு அவற்றில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" மூன்றுமே நல்ல கேள்விகள். மத்தியப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது தக்கலையில் குடியிருப்பவன் நான். தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கும்மட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். கும்மட்டம் சாலையில் நிற்பவர்களுக்காகக் கட்டப்பட்டது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பைல் பார்க்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது. அலுவலகக் கட்டடம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் காற்று எந்த வழியாக வருகிறது, பைல் எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டையும் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முற்றமும் நடையும் படிக்கட்டும்தான் கண்ணில் படும். என் பதில் முழுவதும் அந்த வழியில்தான் போகும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911 டிசம்பரில் நடந்த டெல்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். புதிய நகரம் எழும்பும்வரை அரசு உட்கார ஓர் இடம் வேண்டுமே! அதற்காக 1912இல் சிவில் லைன்ஸ் பகுதியில் அவசரமாக ஒரு செயலகம் கட்டினார்கள். மான்டேகு தாமஸ் வடிவமைத்த அந்த வெள்ளைக் கட்டடத்தில்தான் இன்று டெல்லி சட்டப்பேரவை இயங்குகிறது. நிரந்தர நகரத்தை வடிவமைக்கும் பொறுப்பு எட்வின் லட்டியன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் இருவருக்கும் வந்தது. வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய ராஷ்டிரபதி பவன், லட்டியன்ஸின் வேலை. செயலகத் தொகுதிகள் இரண்டும் வட்ட வடிவப் பழைய நாடாளுமன்றமும் பேக்கருடையவை. எல்லாவற்றையும் "லட்டியன்ஸ் கட்டடம்" என்று எழுதுகிற வழக்கம் பத்திரிகைகளில் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர் அப்படி எழுதக்கூடாது. புது டெல்லி முறைப்படி திறக்கப்பட்டது 1931 பிப்ரவரியில்.

இனி முதல் கேள்வி. இரண்டு ஏன்?

பேக்கர் டெல்லிக்கு வருவதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஓர் அரசுத் தலைமையகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். குன்றின் சரிவில் இரண்டு சிறகுகள், அவற்றை இணைக்கும் அரைவட்டத் தூண் வரிசை, இரட்டைக் கோபுரங்கள்: இதுதான் அங்கே அமைப்பு. அது 1913இல் முடிந்தது. டெல்லியில் அதே இரட்டைச் சிறகுக் கருத்தை எடுத்து, இணைக்கும் அரைவட்டத்தை நீக்கிவிட்டு, சிறகுகளை ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தினார். நடுவில் இருப்பது வெறும் சாலை. அந்தச் சாலை கிழக்கிலிருந்து ரைசினா குன்றின் மேல் ஏறி, நேராக வைஸ்ராய் மாளிகையின் வாசலுக்குப் போகிறது.

இங்கே திருவனந்தபுரம் செயலகத்தை நினைத்துப் பாருங்கள், தம்பி. திருவிதாங்கூரின் தலைமைப் பொறியாளராக இருந்த வில்லியம் பார்ட்டன் கட்டி, 1869இல் திறக்கப்பட்டது அது. பார்ட்டன் ஹில் என்று ஊருக்குள் ஓர் இடமே அவர் பெயரில் இருக்கிறது. ஆயில்யம் திருநாள் மகாராஜா, திவான் மாதவராவ் காலம். மாதவராவ் கும்பகோணத்துக்காரர், செயலகத்துக்கு எதிரே நிற்கும் சிலை அவருடையதுதான், அதனால்தான் அந்தச் சந்திப்பையே ஸ்டாச்சு என்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் நடுவில் தர்பார் மண்டபம். இருபுறமும் அலுவலகச் சிறகுகள். மன்னர் வந்து அமரும் இடம் அலுவலகத்தின் நெஞ்சிலேயே இருக்கிறது. மனுக் கொடுக்க வருகிறவரும் கோப்பு எழுதுகிற குமாஸ்தாவும் அந்த மண்டபத்துக்கு வலமோ இடமோதான் இருந்தாக வேண்டும். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1க்கு முன்னால் விளவங்கோட்டிலிருந்தும் கல்குளத்திலிருந்தும் நம் பெரியவர்கள் மனுவை எடுத்துக்கொண்டு போனது அந்த மண்டபத்தின் நிழலுக்குத்தான்.

டெல்லியில் அப்படி இல்லை. நடு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அரசின் எல்லா அமைச்சகங்களும் இரு பக்கமும் ஒதுங்கி நிற்க, பார்வை மேலே வைஸ்ராய் இருக்கும் திசைக்குப் போகிறது. திருவிதாங்கூரில் அதிகாரம் அலுவலகத்துக்குள்ளேயே வீற்றிருந்தது. டெல்லியில் அது அலுவலகத்தைத் தாண்டி, மேற்கே, எட்டாத தூரத்தில் இருந்தது. வரைபடத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மக்களுக்குத் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வோர் ஆட்சியும் நினைத்தது தெளிவாகத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் "இரண்டு ஏன்" என்ற கேள்விக்கு இதுதான் முக்கியமான விடை. அழகுக்கான சமச்சீர் என்பது அதற்கு அடுத்த காரணம்.

ஆனால் அந்தப் பார்வை போகிற வழியில் ஒரு சிக்கல் ஏற்பட்டது. லட்டியன்ஸ் முதலில் நினைத்தபடி குன்றின் உச்சியில் மாளிகை மட்டும் தனித்து நின்றிருக்க வேண்டும். செயலகங்களும் அதே உயரத்தில், அதே மேட்டில் இருக்க வேண்டும் என்று பேக்கர் கேட்டார். அப்படியே முடிவானதால் மாளிகை மேற்கே பின்னுக்குத் தள்ளப்பட்டது. இரு தொகுதிகளுக்கும் நடுவே ஏறும் சாலைக்கு ஒரு சரிவு வந்தது. விளைவு என்ன தெரியுமா? இந்தியா கேட் பக்கம் நின்றால் மாளிகையின் கும்மட்டம் தெரிகிறது. மாளிகையை நோக்கி நெருங்க நெருங்க அது கீழே இறங்குகிறது. குன்றின் அடியில் இருக்கும் விஜய் சவுக்கு சதுக்கத்துக்கு வரும்போது சாலையின் மேடு அதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. லட்டியன்ஸ் இதைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. சரிவை மாற்றச் சொல்லி வருடக்கணக்கில் போராடினார், நடக்கவில்லை. இரண்டு நண்பர்களின் உறவு அதோடு முறிந்தது. லண்டன் சுரங்க ரயிலின் பேக்கர்லூ தடத்தின் பெயரையும் வாட்டர்லூ தோல்வியையும் சேர்த்து, இதைத் தன்னுடைய "பேக்கர்லூ" என்று லட்டியன்ஸ் சொன்னது எல்லோரும் அறிந்த கதை. மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வரைபடத்தை மேலிருந்து மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது. சாலையில் நடந்துவரும் மனிதனின் கண் உயரத்திலிருந்து ஒரு வெட்டுமுகம் வரைந்து பார்த்திருந்தால் முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும்.

சரிவின் மேலே ஏறினால் ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் இரண்டாக நான்கு கல் தூண்கள் நிற்கின்றன. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு டொமினியன்களின், அதாவது பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றிருந்த நாடுகளின், அன்பளிப்பு அவை. அசோகத் தூணின் சாயலில் செய்து, உச்சியில் வெண்கலக் கப்பல் வைத்திருக்கிறார்கள். நார்த் பிளாக்கின் வாசலுக்கு மேலே, சுதந்திரம் மக்களிடம் தானாக இறங்கி வராது, மக்கள்தான் அதை நோக்கி உயர வேண்டும், அனுபவிக்கும் முன் அதை ஈட்டியாக வேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆள்கிறவர் ஆளப்படுகிறவருக்குச் சொன்ன உபதேசம் அது. கட்டி முடித்த இருபது ஆண்டுகளுக்குள்ளேயே அந்த வாசலின் வழியாக இந்திய அமைச்சர்கள் உள்ளே போனார்கள். அந்தக் கல்லெழுத்தை அழிக்காமல் விட்டுவைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிப்பகுதி சிவப்பு மணற்கல், மேலே வெளிர் மஞ்சள் நிற தோல்பூர் மணற்கல். தூரத்தில் பார்த்தால் வண்ணம் மாறுவது மட்டும் தெரியும். பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிவப்புக் கல் முடிந்து மஞ்சள் கல் தொடங்கும் அந்தக் கோடு நிலைமட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓடுகிறது. தரை ஏறினாலும் இறங்கினாலும் கோடு அசைவதில்லை. குன்றின் மேடு பள்ளத்தை விழுங்கிக்கொள்கிற வேலை முழுவதும் சிவப்புக் கல்லுக்கு. மழைத்தண்ணீர் தெறித்து அழுக்காகிற பகுதியும் அதுதான், நிறம் அழுக்கைக் காட்டாது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவியோ கறுப்போ பூசுவார்களே, அதே நியாயம். சவுத் பிளாக்கைக் கட்டிய ஒப்பந்ததாரர் சோபா சிங். கல்லைச் செதுக்கிய கொத்தர்களின் பெயர்களைத்தான் எந்தக் கல்லிலும் காணோம்.

இப்போது உள்ளே போவோம். உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு தளங்கள், ஏறத்தாழ ஆயிரம் அறைகள். இவ்வளவு பெரிய பரப்பை ஒரே கட்டியாகக் கட்டினால் நடுவில் இருக்கும் அறைகளுக்கு வெளிச்சமும் வராது, காற்றும் வராது. அதனால் பேக்கர் உள்ளே பல முற்றங்களைத் திறந்துவிட்டார். முற்றத்தைச் சுற்றி நடை, நடையை ஒட்டி அறை. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய நாலுகெட்டு வீட்டில் பிறந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். நடுமுற்றம் சூடான காற்றை மேலே அனுப்புகிறது. சுற்றியுள்ள அறைகளின் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. நம் வீட்டில் ஒரு முற்றம் செய்யும் வேலையை அங்கே பல முற்றங்கள் சேர்ந்து செய்கின்றன.

பைல் போகும் வழியும் இதன்மேல்தான் ஏறி நிற்கிறது. ஒரு பைல் பிரிவில் பிறக்கிறது. பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இயக்குநர், இணைச் செயலாளர், செயலாளர், அமைச்சர் என்று படி ஏறி, பிறகு அதே படிகளில் இறங்கி வருகிறது. உயர்ந்த பதவிக்கு வெளிமுகம், உயரமான கூரை, முன்னறை. பிரிவுகளுக்கு உள்பக்கம்: பொதுவாக இப்படித்தான் பங்கிட்டிருக்கிறார்கள். முன்னறை என்பது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் அதிகாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அமைச்சரைப் பார்க்க வந்தவர் தனிச் செயலரின் மேசையைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. நடையிலிருந்து நேராகக் கதவைத் திறந்தால் அமைச்சர் உட்கார்ந்திருப்பார் என்ற அமைப்பே கிடையாது. நடை, முன்னறை, அறை என்று ஒவ்வொன்றாக வடிகட்டப்பட்டுத்தான் மனிதரும் காகிதமும் உள்ளே போகிறார்கள்.

சவுத் பிளாக்கில் பிரதமர் அலுவலகம், வெளியுறவு, பாதுகாப்பு. நார்த் பிளாக்கில் நிதி, உள்துறை. சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்தப் பங்கீடு நீடித்தது. நார்த் பிளாக்கின் அடித்தளத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் மத்திய பட்ஜெட் ராஷ்டிரபதி பவன் அச்சகத்தில் அச்சாகிக்கொண்டிருந்தது. 1950இல், ஜான் மத்தாய் நிதியமைச்சராக இருந்தபோது, பட்ஜெட்டின் ஒரு பகுதி முன்கூட்டியே வெளியே கசிந்துவிட்டது. உடனே அச்சு வேலையை மின்டோ சாலை அச்சகத்துக்கு மாற்றினார்கள். 1980இலிருந்து நார்த் பிளாக்கின் அடித்தளத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அல்வா கிண்டிப் பரிமாறிவிட்டு, பட்ஜெட் உரை முடியும்வரை ஊழியர்கள் உள்ளேயே தங்கிவிடுகிற வழக்கத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எழுதுகிற அறை, ஒப்புதல் தருகிற அறை, அச்சடிக்கிற அறை மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே வந்தபோது, காகிதம் தெருவைக் கடக்க வேண்டிய தேவையே ஒழிந்தது. ஓர் அரசாங்க ரகசியத்தைக் காப்பாற்றியது படிக்கட்டு எங்கே இருக்கிறது என்ற விஷயம்தான். கட்டட அமைப்பின் வலிமையைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி வெயில். இதில் பேக்கருக்கு நான் முழு மதிப்பெண் தர மாட்டேன், பாதிக்கு மேல் தருவேன்.

தொகுதிகளுக்கு நடுவே போகும் சாலை கிழக்கு மேற்காக ஓடுவதால் இரு தொகுதிகளின் நீண்ட முகங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. டெல்லியின் அட்சரேகைக்கு இது மிகப் பொருத்தம். ஜூன் மாத நண்பகலில் சூரியன் அங்கே ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். சுவரிலிருந்து நீட்டிய கல் சஜ்ஜா ஒன்று இருந்தாலே தெற்குச் சுவர் முழுவதும் நிழலாகிவிடும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 38 பாகை உயரத்தில்தான் நண்பகலில் இருக்கும். அப்போது அதே சஜ்ஜாவுக்குக் கீழே நுழைந்து குளிர்கால வெயில் அறைக்குள் வருகிறது. கோடையில் தடுத்து, குளிரில் விடுகிற இந்த ஏற்பாடு ராஜபுத்திர, முகலாயக் கொத்தர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது. சத்திரி என்ற குடைபோன்ற சிறு மண்டபம், ஜாலி என்ற துளையிட்ட கல் திரை, சஜ்ஜா மூன்றையும் பேக்கர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஜாலியின் ஒவ்வொரு துளையும் ஒரு சின்னஞ்சிறு ஆழமான ஜன்னல். கல்லின் கனம் காரணமாக நேர் வெயில் உள்ளே விழாது, காற்று மட்டும் நுழையும்.

குறை எங்கே என்றால், இந்தக் கட்டடம் கோடையில் முழு அளவில் பயன்படும் என்று கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டதே அல்ல. ஏப்ரல் பிறந்தால் அரசாங்கம் மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்குப் போய்விடும். 1930களின் இறுதிவரை அந்த வழக்கம் இருந்தது. பிறகு ஆண்டு முழுவதும் அங்கேயே உட்கார வேண்டி வந்தபோது தடித்த சுவர்கள் மாலையில் வெப்பத்தை உள்ளே உமிழ ஆரம்பித்தன. வெட்டிவேர்த் தட்டி, மின்விசிறி, கூலர், ஜன்னல் ஏசி என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைச் சேர்த்தது. முற்றத்தை நோக்கிய அழகான வளைவுகளில் ஏசி பெட்டிகள் தொங்கிய காட்சி எனக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது.

அப்படியானால் பத்மநாபபுரம்? தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி நடந்த இடம் அது. சுற்றுலா வருகிறவர்கள் உப்பரிகை மாளிகையையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டடக்கலை மாணவர் உட்கார்ந்து வரைய வேண்டியது மந்திரசாலை. அதுதான் அந்த நாட்டின் அமைச்சரவைக் கூடம். இன்றைய கணக்கில் சொன்னால் அதுவே தலைமைச் செயலகத்தின் உச்சி அறை.

பூமுகம் என்ற நுழைவு மண்டபத்தின் உள்ளிருந்து செங்குத்தான, குறுகிய மரப்படியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். மேலே ஒரு நீண்ட அறை. சுவர் என்று கல்லோ செங்கல்லோ இல்லை; வெளியே சாய்ந்த மரச்சட்டங்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. வெளியிலிருந்து யார் பார்த்தாலும் உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். உள்ளே இருப்பவருக்கு வாசல் முழுவதும் தெரியும். மழைச்சாரல் சட்டத்தில் பட்டு வெளியே வழிந்துவிடும், காற்று மட்டும் சட்டத்துக்கு நடுவே ஊதிக்கொண்டே இருக்கும். ஜன்னல்களில் பல நிறங்களில் மைக்காத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். மதிய வெயில் கண்ணைக் கூசாமல் நிறம் மாறித் தரையில் விழும். அந்தத் தரை கண்ணாடிபோல மின்னும் கறுப்பு. சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து தேய்த்துத் தேய்த்து எடுத்தது. வெறுங்காலில் நின்றால் மே மாதத்திலும் குளிர்ச்சி தெரியும்.

டெல்லி செயலகத்தில் முன்னறை செய்கிற வேலையை இங்கே அந்த ஒற்றைப் படிக்கட்டு செய்கிறது, கவனித்தீர்களா? ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுத்தான் வர முடியும். கூட்டமாக உள்ளே பாய முடியாது. சுவரில்தான் இரண்டும் நேர் எதிராகப் பிரிகின்றன. டெல்லியின் வெப்பம் உலர்ந்தது. பகலில் மூடிவைத்து, கனமான சுவருக்குள் பதுங்கினால் தப்பலாம். நம் ஊர் வெப்பம் ஈரமானது. வியர்வை உலர வேண்டும், அதற்குக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தடித்த சுவரால் பயன் குறைவு. இன்னொன்றும் உண்டு. டெல்லியில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் இருக்கும். கன்னியாகுமரி எட்டாவது அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஆகவே தெற்குச் சுவருக்கு மட்டும் சஜ்ஜா வைத்தால் போதாது, நாலு பக்கமும் நிழல் வேண்டும். கூரையை நாலாபுறமும் தாழ இறக்கி, இறவாரத்தை வெளியே நீட்டுவது இதனால்தான். மழை ஒரு காரணம் என்றால் வடக்கே போகும் சூரியன் இன்னொரு காரணம். இதைப் பாடப்புத்தகங்கள் சரியாகச் சொல்வதில்லை.

டெல்லிக் கட்டடத்தை அப்படியே கொண்டுவந்து களியக்காவிளையில் வைத்தால் அது புழுங்கிச் சாகும். மந்திரசாலையைத் தூக்கி ரைசினா குன்றில் வைத்தால் மே மாத அனல்காற்றில் உள்ளே ஒருவரும் உட்கார முடியாது. நம் தாலுகா அலுவலகங்களையும் ஒருங்கிணைந்த வளாகங்களையும் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவது இந்த இடத்தில்தான். எந்த ஊருக்கும் ஒரே மாதிரி வரைபடம், தட்டையான காங்கிரீட் மேல்தளம், வெயில் நேராக விழும் கண்ணாடி ஜன்னல். இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டத்தில் இறவாரம் இல்லாத அரசுக் கட்டடம் எப்படி அனுமதி பெறுகிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லியில் என்ன ஆனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது இடம் போதாமல் செயலகத்தைச் சுற்றித் தாற்காலிகக் கொட்டகைகள் போட்டார்கள். பாதுகாப்புத் துறை அவற்றில் பல பத்தாண்டுகள் இருந்தது. 2021 செப்டம்பரில்தான் கஸ்தூர்பா காந்தி மார்க்கிலும் ஆப்பிரிக்கா அவென்யூவிலும் புதிய அலுவலகங்கள் திறந்து அவர்களை மாற்றினார்கள். 1950களில் தொடங்கி உத்யோக் பவன், கிருஷி பவன், பிறகு சாஸ்திரி பவன், நிர்மாண் பவன் என்று எங்கள் துறை வரிசையாகக் கட்டியது. இடத்தை மிச்சப்படுத்த, நடுவில் நீள நடை, இருபுறமும் அறைகள் என்ற அமைப்பு வழக்கமாகிவிட்டது. நடை இருட்டாகிவிட்டது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஒருபக்க அறைக்கு வரும் காற்று மறுபக்க அறைக்குப் போகாது. பைல் அலமாரிகளை அறைக்குள் வைக்க இடமில்லாமல் நடையிலேயே வரிசையாக நிறுத்தினார்கள். நடையின் அகலம் பாதியானது. பேக்கரின் முற்றத்து நடையில் நடந்து பழகியவர் இங்கே வந்தால் மூச்சு முட்டும்.

இப்போது அமைச்சகங்களை ஒரே இடத்தில் கூட்டும் பொதுச் செயலகத் திட்டத்தில் கர்த்தவ்ய பவன் வரிசை எழும்பிக்கொண்டிருக்கிறது. அவற்றில் முதலில் முடிந்த கட்டடம் 2025 ஆகஸ்ட் 6 அன்று திறக்கப்பட்டது: இரண்டு அடித்தளங்கள், ஏழு தளங்கள், சுமார் ஒன்றரை லட்சம் சதுர மீட்டர். அறைகளைக் குறைத்துத் திறந்த வேலைக்கூடங்கள், நடுவே திறந்த முற்றம் என்று அமைத்திருக்கிறார்கள். குளிர்சாதனத்தை நம்பி நிற்கிற கட்டடம்தான். ஆனாலும் முற்றம் திரும்பி வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. நார்த் பிளாக்கையும் சவுத் பிளாக்கையும் தேசிய அருங்காட்சியகமாக மாற்றுகிற திட்டம் இருக்கிறது. பொதுமக்கள் அந்த நடைகளில் நடக்கப் போகிறார்கள் என்பது பெரிய விஷயம். காட்சிப் பொருள்களுக்கு வெயிலும் தூசியும் ஆகாது என்று முற்றங்களுக்கெல்லாம் கூரை போட்டுவிடாமல் இருக்க வேண்டும். முற்றத்தை மூடிவிட்டால் அந்தக் கட்டடத்தில் பார்க்க மிஞ்சுவது மேலே இருக்கும் கும்மட்டம் மட்டும்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, தேர்வில் உதவும். இந்தச் செயலகத்தை "இந்தோ சாரசெனிக்" பாணி என்று எழுதிவிடாதீர்கள். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலக்கும் அந்தப் பாணி அதற்கு முந்தைய தலைமுறையுடையது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உங்கள் கல்லூரி இருக்கும் ஊரிலேயே நிற்கிறது: ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகம். அதில் கேரளத்து முகப்புக் கூரைகளைப் பிற பாணிகளோடு பின்னியிருக்கிறார். பேக்கரும் லட்டியன்ஸும் அந்தக் கலவையை விரும்பவில்லை. ஐரோப்பிய செவ்வியல் உடம்பை வைத்துக்கொண்டு, வைஸ்ராய் ஹார்டிஞ்சின் வற்புறுத்தலால் இந்திய உறுப்புகளைச் சேர்த்தார்கள். சேர்த்தவற்றில் சில வெறும் அலங்காரம். யானைத் தலைகளும் தாமரைகளும் அந்த ரகம். சஜ்ஜாவும் ஜாலியும் முற்றமும் அப்படியல்ல, அவை இல்லாவிட்டால் கட்டடம் இயங்காது. உங்கள் ஆய்வேட்டில் இந்த இரண்டு வகையையும் தனித்தனி நிறத்தில் குறித்துக் காட்டுங்கள். வரும் சனிக்கிழமை பத்மநாபபுரத்துக்கு வந்தால், மந்திரசாலையின் மரச்சட்டத்துச் சாய்வை ஒரு கோணமானியால் அளந்து, நண்பகல் வெயில் எவ்வளவு உள்ளே வருகிறது என்று தரையில் குறித்துப் பாருங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காலையிலேயே வந்துவிட்டால் கூட்டம் குறைவாக இருக்கும்.